நான்கு மணிக்குள் முடிக்க வேண்டிய படம்

கால் பெருவிரலில் தொட்டில் கயிற்றின் நுனியைச் சுற்றிக்கொண்டால் இரண்டு கைக்கும் விடுதலை என்பதை ஜெனோவா கண்டுபிடித்து மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்கு அந்த விரல் ஒரு நிதானத்தில் இல்லை. சேலைத் தொட்டில் வேகம் பிடிக்கிறது, பிறகு நின்றே போகிறது, உள்ளே எட்டு மாத ஐரின் ஒரு முனகல் முனகிய பிறகு திரும்பவும் ஆடுகிறது. மணி இரண்டு முப்பத்தைந்து. நான்கு மணிக்குள் முடித்தாக வேண்டும். நான் முடிக்கிறேன் என்று நேற்றே எழுதியாயிற்று, எழுதின கையை என்ன செய்தால் தகும், ஆனால் அந்தக் கை மேல் கோபமும் வரவில்லை, ஏனென்றால் காலையிலிருந்து பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கு ஸ்கூல் கேட் முன்னால் நின்ற மாதிரியே இருக்கிறது. பயமா சந்தோஷமா என்று அன்றைக்கும் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் ஐந்து வருஷமாக எழுதுகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் மீன் வகைகள், கல்யாணத்துக்குப் பிறகு கலங்கரை விளக்கங்கள், வயிறு தெரிய ஆரம்பித்தபின் எழுத்துப் பிழை திருத்தம் மட்டும். சம்பளம் கிடையாது, யாருக்கும் யார் முகமும் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் பத்தொன்பது பேர் ஆதரவு எழுதி அவளை நிர்வாகி ஆக்கினார்கள். பக்கத்தை நீக்கலாம், பூட்டலாம், சண்டை வந்தால் இரண்டு பக்கமும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாம். கரைவலை என்ற புனைபெயரில் எழுதுவதால் எல்லோரும் கரைவலை ஐயா என்கிறார்கள். அவள் திருத்தவில்லை. தூத்துக்குடியில் ஒரு வாடகை வீட்டு மாடியில், நைட்டித் தோளில் பால் வாடையோடு, காலில் கயிறோடு ஐயா உட்கார்ந்திருக்கிறார். நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தால் தொட்டில் அதிர்கிறது.

முதல் வழக்கு ஒரு படம். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கட்டைவிரல் நகம் நாலைச் சேர்த்து வைத்த அளவு. கட்டுரையின் தலைப்பு அருள்தங்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள் ஷிப்ட் முடிந்து ஆடிய ஹாக்கி அணியின் கோல் கீப்பர், 1979இல் மாநில இறுதிப் போட்டி வரைக்கும் போன அணி. அந்தப் போட்டியில் எடுத்து ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் வந்த படம். பத்திரிகை நின்று முப்பது வருஷம், ஆனால் பத்திரிகை நின்றால் உரிமை நிற்பதில்லை. அடுத்தவர் உரிமையுள்ள படத்தை அவரைக் கேட்காமலே வைத்துக்கொள்ள ஒரு சின்ன வாசல் உண்டு, நியாயமான பயன்பாடு என்று பெயர், அந்த வாசலில் பத்து நிபந்தனை. ஜெனோவாவுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒப்பித்த பைபிளின் பத்துக் கட்டளை மாதிரி மனப்பாடம், நடு ராத்திரியில் தட்டி எழுப்பினாலும் சொல்லுவாள். முதலாவதே கழுத்தைப் பிடிக்கிற நிபந்தனை. யாரும் சுதந்திரமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இன்னொரு படம் ஏற்கெனவே இருந்தாலோ, இனிமேல் யாராவது எடுக்க முடியும் என்றாலோ, உரிமையுள்ள படம் கூடாது. செத்துப்போனவர்களைத் திரும்பப் படம் எடுக்க முடியாது, அதனால் அவர்கள் படம் நிற்கும். உயிரோடு இருப்பவர்கள் படம் போகும். கேட்கக் கொடூரமாக இருக்கிறது, உட்கார்ந்து யோசித்தால் சரியாகவும் இருக்கிறது, உழைத்து எடுத்தவன் படத்தைச் சும்மா அள்ளிக்கொள்வதற்கு ஒரு கணக்கு வேண்டாமா. அருள்தங்கம் அறுபத்தெட்டு வயசில் ஓசூரில் மகன் வீட்டில் நலமாக இருக்கிறார். அவர் நலமாக இருப்பதுதான் பிரச்சினை.

பதினோரு நாளாகச் சண்டை. மேலேயிருந்து மறுபடி படிக்கிறாள், ஏழாவது தடவை. முதலில் மைல்கல் என்பவர், பழைய ஆள், கலைக்களஞ்சியம் தொடங்கின காலத்திலிருந்து இருக்கிறவர், எந்த ஊர் என்ன வயசு தெரியாது, ஆனால் ஒரு தடவைகூடச் சந்திப் பிழை விட்டதில்லை. அம்மையார் உயிருடன் இருக்கிறார், ஓசூருக்குப் பேருந்து ஓடுகிறது, யாரேனும் ஒருவர் போய் வணக்கம் சொல்லி ஒரு படம் எடுத்து வந்தால் ஆயிற்று, நீக்குக, என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஒருத்தர், நம் மண்ணின் பெருமை, வைத்திருக்கவும். மைல்கல் உடனே, பெருமை பதினோராவது நிபந்தனையா, எப்போது சேர்த்தார்கள்? இப்படியே போகிறது, வைக்கச் சொல்லி ஐந்து பேர், நீக்கச் சொல்லி நாலு பேர். தலை எண்ணித் தீர்ப்புச் சொல்லக் கூடாது, எந்த வாதத்துக்கு விதியில் கால் இருக்கிறதோ அதை எடுக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் ஐந்துக்கும் கால் இல்லை, நாலுக்கு எட்டுக் கால். நடுவில் மரகதவல்லி. கட்டுரையை எழுதி, படத்தை ஏற்றின அம்மா. அந்த அணியில் ரைட் பேக் ஆடினவர், அறுபத்தாறு வயசு, மருமகள் ஃபோனில் தமிழ் டைப் அடிக்கப் பழகி மூன்று மாதமாக ஒவ்வொரு வரியாகக் கட்டுரையை ஏற்றியிருக்கிறார். உரிமைப் பேச்சு வந்ததும் இரண்டு பஸ் மாறிச் சாத்தூர் போய், அந்தப் பத்திரிகை ஆசிரியரின் மகனைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி வந்துவிட்டார்: தங்கள் கட்டுரைக்கு மட்டும் தாராளமாகப் போட்டுக்கொள்ளவும். மைல்கல் அதற்கு எழுதினார், தங்களுக்கு மட்டும் என்றால் இங்கே பயன்படாது அம்மா, இங்கே இருப்பதை உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி தர வேண்டும், அதற்கு அவர் சம்மதிக்கவில்லையே. மரகதவல்லி திருப்பி எழுதினதைப் படிக்கும்போதெல்லாம் ஜெனோவாவுக்கு உதடு துடிக்கும், சிரிப்புக்கா அழுகைக்கா என்று தெரியாமல். கேக்காம போட்டா தப்புன்னீங்க, கேட்டு வாங்கிட்டு வந்தா அதுவும் செல்லாதுங்கீங்க, எங்க மில்லுல சூப்பர்வைசர் அப்படியே உங்கள மாதிரிதான். அதற்கு மைல்கல், நான் சூப்பர்வைசராக இருந்தால் சம்பளமாவது வந்திருக்கும் அம்மா. கடைசியாக முந்தாநாள் மரகதவல்லி போட்டது நாலே வரி. கப்பு மில்லோட போச்சு. நாங்க ஆடுன கிரவுண்டுல இப்ப பிளாட்டு. நாங்க ஆடினோம்கிறதுக்கு இந்த ஒத்தப் படம்தான். இது போச்சுன்னா நானும் எழுதுறத நிறுத்திக்கிறேன், மத்த பத்துப் பேர் பேரையும் நீங்களே தேடிப் போட்டுக்கோங்க. அதற்குக் கீழே, நாளை நான்கு மணிக்குள் நான் முடிக்கிறேன் என்று ஜெனோவா நேற்று எழுதினது, அதற்கும் கீழே மைல்கல்லின் ஒரு வரி: புதிய நிர்வாகி கரைவலை ஐயா உணர்ச்சிவசப்படாமல் முடித்து வைப்பார் என நம்புகிறேன்.

உணர்ச்சிவசப்படாமல். கயிறு நின்றுவிட்டிருக்கிறது, எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, தொட்டிலில் சத்தமே இல்லை. சத்தமே இல்லை என்றால். எழுந்து, சேலையை விலக்கி, ஒரு விரலின் பின்புறத்தை மூக்குக்குக் கீழே கொண்டுபோய், ஒன்று, இரண்டு, மூன்று, வந்தது, சூடாக, சின்னதாக வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்க்கிறாள். தொட்டில் கொக்கியை வீட்டின் சொந்தக்காரர் அடித்துக் காட்டிச் சொன்னார், அஞ்சு மூட்டை அரிசி தொங்கவிட்டாலும் அசையாதும்மா. அரிசி மூட்டைக்கு விழுந்தால் வலிக்காது. கீழே இரண்டு மெத்தை போட்டிருக்கிறாள், அதற்கும் கீழே பழைய போர்வை. ஐரின் வாயைத் திறந்து தூங்குகிறது, கீழ் ஈறில் ஒரு வெள்ளை முனை, நேற்றைக்கு இல்லை. இந்தப் பல்லுக்கு மாற்று கிடையாது, நாளைக்குப் படம் எடுத்தால் அது நாளைப் பல், என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடுகிறது, போ, வேலையைப் பார். திரும்ப வந்து உட்கார்ந்து கயிற்றைச் சுற்றுகிறாள். நீக்குக என்று எழுதுவதற்கு ஒரு நிமிஷம் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், விதி அப்படி. விதியைக் கடைப்பிடித்து அவளுக்குப் பழக்கம் உண்டு. எட்டாம் வகுப்பில் மானிட்டர், சிஸ்டர் பெர்னதெத் ஆபீசுக்குப் போகும்போது சாக்பீசைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், யார் பேசினாலும் போர்டில் பேர் எழுது. திரும்பிப் பார்த்தால் கண்ணால் கெஞ்சுவார்கள் என்று ஜெனோவா போர்டைப் பார்த்தபடியே நிற்பாள், குரலை வைத்தே பேர் எழுதுவாள், அதில் ஒரு பெருமை, பார்க்காமலே கண்டுபிடிக்கிறாள் பார் என்று. அன்றைக்குக் கிரேசியின் குரல் கேட்டது, எழுதினாள். மறுபடி கேட்டது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்டு போட்டாள். மூன்று இன்டு போட்டபின் சிஸ்டர் வந்து, போர்டைப் பார்க்காமல் கடைசி பெஞ்சுக்கு ஓடினார்கள், அங்கே ஒரு பிள்ளை மயங்கிக் கிடந்தது, கிரேசி அத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது தண்ணீர். சிஸ்டர் திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தை, யூ டிட்ன்ட் லுக், ஜெனோவா. டஸ்டரை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறினது இப்போதும் ஏறுகிறது, தும்மல் வருகிறது, தும்மினால் பிள்ளை எழுந்துவிடும், மூக்கைக் கிள்ளிக்கொள்கிறாள்.

மூன்று மணிக்கு இன்னும் ஏழு நிமிஷம். படத்தின் பக்கத்தைத் திறக்கிறாள். உரிமையுள்ள படம் சின்னதாகத்தான் இருக்கலாம், யாரும் எடுத்து அச்சடித்து விற்க முடியாதபடி, அதனால் பெரிதாக ஏற்றினால் மறுநாளே ஒரு தானியங்கி நிரல் வந்து சுருக்கிவிட்டுப் போகும். மரகதவல்லி ஏற்றினதையும் சுருக்கியிருக்கிறது. பெரிய படம் அழிந்துபோவதில்லை, கீழே மறைந்து கிடக்கும், மற்றவர்களுக்கு அந்த வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும், நிர்வாகிகளுக்கு மட்டும் நீலமாக எரியும். ஜெனோவாவுக்கு இப்போது நீலமாக எரிகிறது. இதைப் பார்க்க அவளுக்கு உரிமை உண்டு, மூன்று வாரமாக உண்டு, அமுக்கப் பயம். யாரோ வீட்டு பீரோவைத் திறக்கிற மாதிரி. திறந்தால் என்ன, எடுத்துக்கொண்டா போகப்போகிறாய், பார்க்கத்தானே, பார்க்கச் சொல்லித்தானே பத்தொன்பது பேர் ஆதரவு போட்டார்கள். அமுக்கினாள். வட்டம் சுற்றுகிறது, இந்த வீட்டில் ஃபோனை ஜன்னல் பக்கம் நீட்டினால்தான் சிக்னல், கையை நீட்டுகிறாள், கயிறு இழுபடுகிறது. வந்தது. மேலேயிருந்து பட்டை பட்டையாக இறங்கி வந்தது, வானம், கோல் கம்பம், பின்னால் வலை, கூட்டத்தில் தொப்பி போட்ட தலைகள், அப்புறம் அவர். காற்றில் இருக்கிறார். இடது கால் முன்னால் பாய்ந்து நீள, உடம்பு முழுக்க அந்தக் காலுக்குப் பின்னால் படுத்துப் பறக்கிறது, பந்து காலை விட்டுத் தெறித்து ஒரு வெள்ளைக் கீற்று. பெரிதாக்கினாள். இன்னும். எங்கே முகம்? சின்னப் படத்தில் ஒரு வெளிர் வட்டம் இருந்ததே, நெற்றி, கன்னம் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாளே, பதினோரு நாளாக எல்லோரும் அதைத்தானே. அது முழங்கை. தலைக்குக் குறுக்கே மடங்கி வந்த வலது கையின் முழங்கை, அதற்கு மேலே கலைந்த பின்னல், அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு முகம் இருக்கிறது, படத்தில் இல்லை. மூக்கு இல்லை, கண் இல்லை, ஒரு காதுகூட இல்லை. சின்னப் படத்தைத் திரும்பத் திறந்து பார்க்கிறாள், தெரிந்துகொண்டு பார்த்தால் சின்னதிலும் முழங்கைதான், அப்பட்டமான முழங்கை. ஒன்பது பேர், விதி தெரிந்தவர்கள், சந்திப் பிழை விடாதவர்கள், இல்லாத ஒரு முகத்துக்கு மாற்று முகம் கிடைக்குமா கிடைக்காதா என்று பதினோரு நாள். அப்படியானால் படத்தில் என்னதான் இருக்கிறது என்று மறுபடி பார்த்தாள். படத்தில் பாதி அந்தக் கால். காலில் கட்டியிருக்கிற பேடு. கடையில் வாங்கினது இல்லை, கோணிச் சாக்கு, சாக்கின் இழை எண்ணலாம், உள்ளே மூங்கில் பட்டைகள் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன, பந்து பட்ட இடத்தில் வாய் பிளந்து பஞ்சு ஒரு கொத்து வெளியே பறக்கிறது. கட்டுரைக்கு ஓடினாள். மூன்றாம் பத்தி. அணியிடம் கோல் கீப்பருக்கான கால்காப்பு இல்லாததால் கோணியில் கழிவுப் பஞ்சை அடைத்து மூங்கில் பட்டை வைத்துத் தைத்தவற்றையே அவர் அணிந்தார். எதிரணி ஆட்சேபித்தபோது நடுவர் அவற்றைத் தொட்டுச் சோதித்து அனுமதித்தார். நாளிதழ்ச் செய்தி சான்றோடு இருக்கிறது. ஏழு தடவை படித்தாள், ஏழு தடவையும் கண் அதன் மேல் ஏறி இறங்கிப் போனது. அந்தப் பேடை இன்றைக்கு யார் போய் எடுப்பார்கள். மரகதவல்லியே உரையாடலில் எங்கேயோ சொல்லியிருக்கிறாரே, தேடுகிறாள், அவசரத்தில் இரண்டு தடவை வேறு பக்கம் திறக்கிறது, இதோ: பேடெல்லாம் மில் பூட்டுன அப்புறம் செல்லு அரிச்சுப் போச்சு.

ஃபோன் அதிர்ந்தது. ரூபன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கணவன், மூன்று மணி டீக்குக் கீழே இறங்கும்போது ஒரு தடவை கூப்பிடுவான். என்ன கலெக்டரம்மா, பிள்ளை தூங்குதா. மெதுவா பேசுங்க. நான் மெதுவாப் பேசினா உனக்கு எப்பிடிட்டி கேக்கும், இங்க நிலக்கரி இறக்குதாவ. அந்தப் படத்துல மூஞ்சியே இல்லைங்க. எந்தப் படத்துல. அதான் நேத்துச் சொன்னேனே, ஹாக்கிக்காரங்க படம், மூஞ்சிக்கு மாத்து இருக்குன்னு சண்டை போட்டாங்கன்னு. மூஞ்சி இல்லாத போட்டோவுக்கா பதினோரு நாள் சண்டை போட்டீங்க, எங்க யூனியன்ல கூட இப்பிடிக் கிடையாதுட்டி. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தலையணையில் வாயைப் புதைத்தாள். சரி, அப்ப ஜெயிச்சாச்சுல்லா, தீர்ப்ப எழுதிட்டு ஒரு வாய் சாப்பிடு, மத்தியானம் சாப்பிட்டியா இல்லியா. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். எழுத முடியாதுங்க. ஏன், நீதானே ஜட்ஜு. அதாங்க, ஜட்ஜு வக்கீலா பேசக் கூடாது. அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். அப்ப கீழ இறங்கிப் பேசு, மேல வேற எவனையாது ஏத்து, கிரேன்ல கண்ணாடி மறைச்சா ஒருத்தன் கீழ இறங்கி வழி சொல்லுவான், இன்னொருத்தன் மேல ஓட்டுவான், நாங்க அப்பிடித்தான். வைக்கேன், ஃபோர்மேன் பாக்கான்.

அப்படித்தான், ஆனால் அது அவ்வளவு லேசா. முடிக்கிறவர் மற்றவர்கள் சொன்ன வாதத்தைத்தான் எடை போட வேண்டும், யாருமே சொல்லாத ஒன்றைத் தானே கொண்டுவந்து தானே அதற்குத் தீர்ப்பும் எழுதினால் அடுத்த அரை மணியில் மேல்முறையீடு, மைல்கல்லே போடுவார், போட வேண்டியதுதான், தீர்ப்பு கவிழும், கவிழ்ந்தால் படமும் அதோடு போகும், மரகதவல்லியும் போவார். ஆசையாக இருக்கிறது, அது இல்லை என்று சொல்ல முடியாது. முடிவு என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே கரைவலை என்று கையெழுத்து விழ, பச்சைக் கட்டம் ஒன்று உரையாடலை மூடிக்கொள்ளும், நேற்று ராத்திரி பால் கொடுக்கும்போது அந்தக் கட்டத்தை மனசுக்குள் எத்தனை தடவை பார்த்தாள். எட்டு மாதமாக அவள் கையில் முடிந்த காரியம் என்று என்ன இருக்கிறது, துவைத்த துணி மறுபடி நனைகிறது, தூங்கின பிள்ளை மறுபடி எழுகிறது. ஒன்றே ஒன்று முடித்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அதை விட வேண்டும். விட்டுவிட்டு, எல்லோரும் நிற்கிற கூட்டத்தில் போய்க் கை தூக்க வேண்டும், தப்பாக இருந்தால், ஐயா, முழங்கை என்கிறீர்களே அது தாடை, என்று யாராவது சிரித்தால். மறுபடி பார்க்கிறாள். முழங்கை. எழும்பின எலும்பின் முனையில் ஒரு பிளாஸ்திரி கூடத் தெரிகிறது. மணி மூன்று இருபத்தொன்று, ஐரின் ஒரு காலை சேலைக்கு வெளியே நீட்டிவிட்டது, இன்னும் பத்து நிமிஷம், அதற்கு மேல் தாங்காது. எழுது. எழுதினாள், அழித்தாள், ஐயா அம்மா எல்லாம் எடுத்தாள், மன்னிக்கவும் என்று தொடங்கினதை எடுத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி எடுத்தாள், கடைசியில் நின்றது இது: இதை முடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தேன். இப்போது கருத்துச் சொல்கிறேன், ஆகவே முடிக்கும் உரிமை எனக்கு இல்லை, வேறு நிர்வாகி முடிக்கட்டும். எல்லோரும் படத்தை ஒருமுறை பாருங்கள். இதில் முகம் இல்லை. முகம் போலத் தெரிவது வலது முழங்கை. படத்தின் பாதியில் இருப்பது கட்டுரையின் மூன்றாம் பத்தி சொல்லும் கால்காப்பு, அது இன்று எங்கும் இல்லை, எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் அது எப்படி இருந்தது என்று தெரியாது. ஓசூருக்குப் பேருந்து ஓடுகிறது, 1979க்கு ஓடவில்லை. உருவப்படம் என்ற இடத்திலிருந்து எடுத்து மூன்றாம் பத்தியில் வைத்தால் நியாயமான பயன்பாடே. வைத்திருக்கலாம். பேருந்து வரியை வெட்டினாள், துடுக்கு. திரும்ப ஒட்டினாள், அது ஒன்றுதான் அந்தப் பத்தியில் அவளுடையது. தொட்டிலில் முனகல் அழுகையாக மாறியது, கயிற்றை எத்தனை இழுத்தாலும் இனி நிற்காது. வாரேன் கண்ணு, வாரேன், அம்மா வந்துட்டேன், என்றபடியே வெளியிடுக என்ற பொத்தானை அமுக்கினாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறாள், உப்புக் காற்று அனலாக வருகிறது, எதிர் வீட்டுக் கொடியில் யூனிஃபார்ம் காய்கிறது, ஐரின் கழுத்தைச் சப்புகிறது, புதுப் பல் குறுகுறுக்கிறது. ஃபோனைப் பார்க்கக் கூடாது என்று பத்து எண்ணினாள், ஆறில் பார்த்தாள். ஒன்றுமில்லை. மூன்று முப்பத்தாறு. ஒன்றுமில்லை. எல்லோரும் படத்தைத் திறந்து பார்த்துச் சிரிக்கிறார்கள், கட்டாயம் சிரிக்கிறார்கள், மூன்று வாரத்தில் நிர்வாகிப் பதவியைத் திருப்பிக் கொடுத்தவர் என்று ஒரு பட்டியல் இருந்தால். மூன்று நாற்பத்தொன்று, ஃபோனில் அறிவிப்பு மணிச் சின்னத்தின் மேல் சிவப்பாக ஒன்று. மைல்கல். இங்கே சொன்னதை யாரும் அழிக்கக் கூடாது, மனம் மாறினால் தன் சொல்லின் மேல் தானே கோடு போட வேண்டும், படிக்கிறவருக்கு இரண்டும் தெரிய வேண்டும். பதினோரு நாளாக உச்சியில் நின்ற நீக்குக என்ற சொல்லின் நடுவே ஒரு கோடு ஓடியிருக்கிறது. கீழே: பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். முழங்கைதான். இத்தனை நாளும் ஒரு முழங்கையை ஓசூருக்குப் பேருந்து ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றாம் பத்தியில் வைக்கலாம். ஜெனோவா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கால் இரண்டும் தானாகக் குதிக்கப் பார்த்தது, பிள்ளையை வைத்துக்கொண்டு குதித்தேவிட்டாள், ஐரின் முதலில் திகைத்து, அப்புறம் கெக்கெக்கே என்றது. இன்னும் இரண்டு நீக்குகவில் கோடு விழுந்தது. மரகதவல்லியிடமிருந்து கேள்வி, தம்பி, ஃபாரத்துல ஆளோட உருவப்படம்னு மேல இருந்துச்சு, அதான் அமுக்கிட்டேன், அதுக்குக் கீழயும் இருக்குன்னு யாரு கண்டா, இப்ப நான் என்ன செய்யணும். ஒரு கையால் பதில் தட்டினாள், அம்மா, பட்டியலைக் கீழே தள்ளுங்கள், பொருள் என்று ஒன்று வரும், அதை அமுக்கி, படத்தில் என்ன இருக்கிறது என்ற கட்டத்தில் உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். பரிதி என்ற இன்னொரு நிர்வாகி வந்து, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூன்று ஐம்பத்தாறுக்குப் பச்சைக் கட்டம் விழுந்தது: முடிவு, வைத்திருக்கப்படுகிறது, மூன்றாம் பத்தியில். கீழே பரிதியின் கையெழுத்து. கொஞ்சம் வலித்தது, அவள் நினைத்திருந்த அளவு இல்லை. கட்டுரையைத் திறந்தாள். படம் நகர்ந்து மூன்றாம் பத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அடியில் மரகதவல்லி இப்போதுதான் போட்ட குறிப்பு: மில் பெண்கள் தைத்த கால் பேடு, 1979. அருள்தங்கம் கட்டியிருப்பது. இடது கால் பேடில் கோணலாகப் போகும் தையல் மரகதவல்லி போட்டது, அவசரத்தில் போட்டது. ஜெனோவா இரண்டு தடவை படித்தாள். கடைசி வரிக்குச் சான்று இல்லை. பத்திரிகையில் வரவில்லை, புத்தகத்தில் இல்லை, சொல்கிறவர் சம்பந்தப்பட்டவர், பக்கத்தில் சான்று தேவை என்று சின்னதாக ஒரு அடைப்புக்குறி போட வேண்டும், எந்த நிர்வாகிக்கும் கை தன்னால் போகிற வேலை, அவள் கையும் போயிற்று. பெரிய படத்தை ஒருமுறை திறந்தாள். மூங்கில் பட்டைகள் நேராக இறங்குகின்றன, தையலும் நேராக இறங்குகிறது, முட்டிக்குக் கீழே வந்ததும் ஒன்று மட்டும் சாய்ந்து, பட்டையை விட்டு விலகி, மறுபடி அவசரமாகத் திரும்பி வந்து சேர்கிறது. ஐரின் ஃபோனைப் பிடுங்க இரண்டு கையையும் நீட்டியது. சான்று தேவைதான், போடாமல் விட முடியாது, போடுவாள். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.